எந்த கம்ப்யூட்டர் கோர்ஸ் படித்தால் வேலை வாய்ப்பு கூடும்?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். வணிகவியல் பட்டம் முடித்து, சில ஆண்டுகளாகக் கணக்குப் பிரிவில் வேலை. எக்செல் ஓரளவு வரும். கம்ப்யூட்டர் துறைப் பக்கம் நகர வேண்டும். டேட்டா சயின்ஸ், ஃபுல் ஸ்டாக், கிளவுட், சைபர் செக்யூரிட்டி என்று ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள். எதில் சேருவது? ஏஐ வந்த பிறகு இதையெல்லாம் படித்துப் பயன் உண்டா? வேலையை விட்டுவிட்டு முழுநேரமாகப் படிக்கலாமா?

நேரடியான பதில்: டேட்டாபேஸிலிருந்து வேண்டிய விவரத்தைக் கேட்டு எடுக்கும் மொழியான எஸ்.க்யூ.எல்.லில் தொடங்குங்கள். கூடவே எக்செல்லை, இப்போது தெரிந்திருப்பதைவிட இரண்டு படி ஆழமாகக் கற்றுக்கொள்ளுங்கள். அடுத்து, டேட்டாவை வரைபடமாகவும் ரிப்போர்ட்டாகவும் காட்டும் பவர் பிஐ, டேப்லோ இரண்டில் ஒன்று. பைத்தான் என்ற புரோகிராமிங் மொழி அதற்குப் பிறகு. வேலையை இப்போதைக்கு விட வேண்டாம். இதே கேள்வியை நெட்வொர்க் வேலையில் இருப்பவரோ, இப்போதுதான் கல்லூரி முடித்தவரோ கேட்டிருந்தால் பட்டியல் மாறியிருக்கும். தேர்ந்தெடுக்கும் முறை மாறியிருக்காது. அதனால் முறையைத்தான் விரிவாகச் சொல்லப் போகிறேன்.

எந்தக் கோர்ஸை எடுத்தாலும் வகுப்பில் எல்லாமே ஓடும். ஆசிரியர் தரும் ஃபைலில் தேதிகள் ஒரே வடிவத்தில் இருக்கும். அவர் டைப் செய்ததை அப்படியே டைப் செய்தால் அவருக்கு வந்த விடையே உங்களுக்கும் வரும். வேலை இதற்கு நேர் எதிர். அங்கே உங்கள் மேஜைக்கு வருவதே ஓடாத சமாச்சாரம்தான்.

ஓர் உதாரணம் பாருங்கள். ஒரு விற்பனை ரிப்போர்ட்டில் மார்ச் 1 முதல் மார்ச் 31 வரை என்று கொடுக்கிறார்கள். 31ஆம் தேதி போட்ட பில்கள் மட்டும் அதில் வருவதில்லை. மொத்தத் தொகை ஏறக்குறைய சரியாகவே தெரிவதால் மாதக்கணக்கில் யார் கண்ணிலும் படாது. காரணம் இதுதான்: பில் தேதியோடு நேரமும் சேர்த்துச் சேமிக்கப்பட்டிருக்கிறது. 'மார்ச் 31 வரை' என்று கேட்டால் டேட்டாபேஸ் அதை 31ஆம் தேதி பிறக்கும் 00:00 மணி வரை என்று எடுத்துக்கொள்கிறது. அன்று காலை பத்து மணிக்குப் போட்ட பில் எல்லைக்கு வெளியே போய்விடுகிறது. 'ஏப்ரல் 1க்கு முன்பு' என்று நிபந்தனையை மாற்றினால் தீர்ந்தது. திருத்தம் ஒரு வரிதான். அந்த வரி எது என்று கண்டுபிடிப்பதற்குத்தான் சம்பளம்.

நேர்முகத் தேர்வில் கேள்வி கேட்கும் பக்கம் உட்கார்ந்த அனுபவத்தில் சொல்கிறேன், ஆளைத் தேர்ந்தெடுப்பது இந்த மாதிரி இடத்தில்தான். 'இந்த ரிப்போர்ட்டில் தொகை தவறாக வருகிறது, எங்கிருந்து பார்க்க ஆரம்பிப்பீர்கள்?' என்று கேட்டால் சான்றிதழ்களை அடுக்கி வைத்திருப்பவர்களிலேயே பலர் பேச்சற்றுப் போகிறார்கள். 'ஒரே ஒரு நாளுக்கு மட்டும் ஓட்டிப் பார்ப்பேன், அன்றைய பில்களோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுவேன், வித்தியாசம் எந்த நாளில் வருகிறது என்று தேடுவேன்' என்று ஒருவர் சொன்னால், அவருக்கு எஸ்.க்யூ.எல். இலக்கணம் பாதி மறந்திருந்தாலும் எனக்குக் கவலை இல்லை. மறந்ததைத் தேடி எடுத்துக்கொள்வார். ஆகவே ஒரு கோர்ஸைப் பார்த்ததும் நான் கேட்கும் முதல் கேள்வி: இது மாணவரைத் திணற விடுமா, திணறலிலிருந்து தானாக வெளியே வரப் பழக்குமா?

இனி, எதைப் படிப்பது என்பதற்கு வருவோம். கோர்ஸ் விளம்பரங்களை மூடி வைத்துவிட்டு வேலை விளம்பரங்களைத் திறங்கள். ஒரு சனி, ஞாயிறு ஒதுக்கினால் போதும். நீங்கள் போகக்கூடிய ஊர்களிலோ வீட்டிலிருந்தோ செய்யக்கூடிய, அனுபவம் இல்லாதவர் அல்லது இரண்டு ஆண்டுக்குள் அனுபவம் உள்ளவர் விண்ணப்பிக்கக்கூடிய முப்பது விளம்பரங்களைத் திரட்டுங்கள். ஒரு ஷீட்டில் வரிக்கு ஒரு விளம்பரம், கேட்கப்படும் ஒவ்வொரு திறனுக்கும் ஒரு நெடுவரிசை. கேட்டிருந்தால் 1. கடைசியில் கூட்டிப் பாருங்கள்.

இதைச் செய்யும்போது சில விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும். ஒரே வேலை பல பெயர்களில் வரும். டேட்டா அனலிஸ்ட், ரிப்போர்ட்டிங் அனலிஸ்ட், எம்.ஐ.எஸ். அனலிஸ்ட், சில இடங்களில் பிசினஸ் அனலிஸ்ட்கூட கிட்டத்தட்ட ஒரே வேலைதான். எல்லாப் பெயரிலும் தேடுங்கள். திறன் பட்டியல் பெரும்பாலும் ஆசைப் பட்டியல். பத்து கேட்டிருந்தால் அதில் நான்கைந்து தெரிந்தவர்தான் சேருகிறார், ஆகவே பட்டியலைப் பார்த்து மிரள வேண்டியதில்லை. 'செய்ய வேண்டிய பணிகள்' என்ற பகுதியை இரண்டு முறை படியுங்கள். யாருக்கு ஆள் தேவையோ அவருடைய தலைவலி என்னவென்று அங்கேதான் தெரியும். 'வாராந்திர ரிப்போர்ட் தயாரித்தல், பல இடங்களிலிருந்து வரும் டேட்டாவைச் சரிபார்த்தல்' என்று இருந்தால், மேலே மெஷின் லேர்னிங் என்று அலங்காரமாகப் போட்டிருந்தாலும் வேலை எஸ்.க்யூ.எல்.லும் எக்செல்லும்தான்.

இன்னொன்று, சில பெயர்களில் தேடினால் முப்பது விளம்பரம் தேறவே தேறாது. அதுவும் ஒரு பதில்தான். டேட்டா சயின்டிஸ்ட் என்று தேடி, அனுபவம் இல்லாதவர்களுக்கானதை மட்டும் வடிகட்டிப் பாருங்கள், புரியும்.

உங்கள் கையில் ஏற்கெனவே இருப்பதை நீங்கள் குறைத்து மதிப்பிடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். கணக்குப் பிரிவில் இருந்தவருக்கு வித்தியாசத்தைத் தேடிப் பிடிக்கும் பழக்கம் உண்டு. இருப்பாய்வில் (ட்ரையல் பேலன்ஸ்) இரண்டு பக்கமும் ஒத்துவராதபோது வித்தியாசம் 9ஆல் வகுபடுகிறதா என்று பார்ப்பீர்கள் அல்லவா? 540 என்பதை 450 என்று மாற்றி எழுதியிருந்தால் வித்தியாசம் 90, அது 9ஆல் வகுபடும். இரண்டு இலக்கம் இடம் மாறினால் எப்போதும் அப்படித்தான். ஆகவே வகுபட்டால் முதலில் அந்தத் தவறைத் தேடுவீர்கள். புரோகிராமர்கள் டிபக்கிங் என்று சொல்வது இதே வேலைதான். அறிகுறியைப் பார்த்து, சந்தேகத்தைக் குறுக்கி, ஆதாரத்தோடு காரணத்தைப் பிடிப்பது.

இந்த அனுபவத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு இருபத்திரண்டு வயதுப் பட்டதாரிகளோடு பூஜ்யத்திலிருந்து போட்டி போடுவது நஷ்டம். இன்வாய்ஸ் என்றால் என்ன, கிரெடிட் நோட் எதற்கு, ஏன் மாதக் கடைசியில் மட்டும் பதிவுகள் குவிகின்றன என்பது தெரிந்து, எஸ்.க்யூ.எல்.லும் தெரிந்த ஆள் கிடைப்பது கடினம். கணக்கு, கொள்முதல், இருப்பு எல்லாவற்றையும் ஒன்றாக நடத்தும் ஈ.ஆர்.பி. மென்பொருளை நிறுவனங்களில் நிறுவிக் கொடுக்கும் குழுக்கள், கணக்கு மென்பொருள் தயாரிப்பவர்களின் டெஸ்டிங் குழுக்கள், ஆடிட் நிறுவனங்களின் டேட்டா பிரிவுகள் எல்லாம் இப்படிப்பட்டவர்களைத்தான் தேடுகின்றன. இந்த வாசல்களைப் பற்றி எந்தக் கோர்ஸ் விளம்பரமும் பேசாது, விற்பதற்கு அதில் கவர்ச்சி இல்லை. செவிலியர், பண்டகப் பொறுப்பாளர், ஆசிரியர் யார் கேட்டாலும் இதே பதில்தான். தெரிந்த துறையோடு சேர்த்துக் கற்கும் கம்ப்யூட்டர் திறனுக்கு மதிப்பு கூடும்.

எஸ்.க்யூ.எல்.லை ஏன் முதலில் சொல்கிறேன்? ஐ.பி.எம். நிறுவனத்தில் இருந்த எட்கர் காட் 1970இல் ரிலேஷனல் டேட்டாபேஸ் பற்றிய கட்டுரையை வெளியிட்டார். அதை அடிப்படையாக வைத்து அங்கேயே சேம்பர்லினும் பாய்ஸும் 1974இல் இந்த மொழியை அறிமுகப்படுத்தினார்கள். ஐம்பது ஆண்டுகளில் எத்தனையோ மொழிகள் வந்து போய்விட்டன, இது மட்டும் வங்கியிலும் மருத்துவமனையிலும் மொபைல் ஆப்புக்குப் பின்னாலும் அப்படியே இருக்கிறது. இதில் போட்ட உழைப்பு எளிதில் வீணாகாது. தினம் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் இரண்டு மாதத்தில் ஓரளவு பிடிபட்டுவிடும்.

ஆனால் 'ஓரளவு' என்பதில்தான் சிக்கல். பெரும்பாலான கோர்ஸ்கள் இரண்டு டேபிள்களை இணைக்கும் ஜாயின் வரை கற்றுக்கொடுத்து, ஓடியதும் கைதட்டிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடும். இதைப் பாருங்கள். ஆர்டர் டேபிளில் 101ஆம் எண் ஆர்டர், தொகை 1,000. அந்த ஆர்டரில் மூன்று பொருள்கள். பொருள்களின் விவரம் இன்னொரு டேபிளில் மூன்று வரிகளாக இருக்கிறது. இரண்டையும் ஆர்டர் எண்ணை வைத்து ஜாயின் செய்தால் 101ஆம் ஆர்டர் மூன்று வரியாகப் பெருகும், ஒவ்வொரு வரியிலும் 1,000 நிற்கும். இப்போது தொகையைக் கூட்டினால் 3,000. எர்ரர் எதுவும் வராது. அழகாக, வேகமாக, தவறான விடை வரும். இதைப் பிடிக்கத் தெரிந்தவர், ஜாயினுக்கு முன்பு எத்தனை வரி, பின்பு எத்தனை வரி என்று எண்ணிப் பார்ப்பதைக் கைப்பழக்கமாக வைத்திருப்பார். நீங்கள் பார்க்கும் பாடத்திட்டத்தில் இந்த மாதிரி ஒரு தவறையாவது செய்ய வைத்துத் திருத்த வைக்கிறார்களா என்று கேளுங்கள். இலவசமாகவே போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸை இறக்கிக்கொண்டு, நீங்களே இரண்டு டேபிள் உருவாக்கி இதைச் செய்து பார்க்கலாம். அப்படி ஒரு மாலை செலவழித்தால் பத்து வீடியோ பார்ப்பதைவிட நன்றாக மண்டையில் ஏறும்.

எக்செல்லைப் பற்றி எல்லோருக்கும் ஓர் அலட்சியம் உண்டு, 'அதெல்லாம் தெரியுமே' என்று. 2020இல் இங்கிலாந்தில் நடந்ததைக் கேளுங்கள். ஆய்வகங்களிலிருந்து வந்த கோவிட் பரிசோதனை முடிவுகளைப் பொதுச் சுகாதாரத் துறை பழைய எக்ஸ்.எல்.எஸ். வடிவ ஃபைலில் ஏற்றியது. அந்த வடிவத்தில் ஒரு ஷீட்டுக்கு 65,536 வரிகள்தான் பிடிக்கும். மிஞ்சியவை சத்தமில்லாமல் விடுபட்டன. 15,841 தொற்றுகள் தினசரிக் கணக்கில் உரிய நேரத்தில் சேராமல் போயின, தொடர்பில் இருந்தவர்களைத் தேடும் வேலையும் தாமதமானது. புதிய எக்ஸ்.எல்.எஸ்.எக்ஸ். வடிவத்தில் 10,48,576 வரிகள் பிடிக்கும், ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு. அதே ஆண்டில் மனித மரபணுக்களுக்குப் பெயர் சூட்டும் சர்வதேசக் குழு சில மரபணுக்களின் பெயரையே மாற்ற வேண்டியிருந்தது. மார்ச்1, செப்ட்1 என்ற மரபணுப் பெயர்களை டைப் செய்தால் எக்செல் அதைத் தேதியாக்கிவிடும் என்பதும் அதற்கு ஒரு காரணம். விஞ்ஞானிகளின் கட்டுரைகளிலேயே அந்தப் பிழை புகுந்திருந்தது.

ஆகவே எக்செல் தெரியும் என்றால் பிவட் டேபிள் போடத் தெரியும் என்பது மட்டும் போதாது. 03/04 என்பது மார்ச் 4ஆ ஏப்ரல் 3ஆ என்று சந்தேகப்படத் தெரிய வேண்டும். பூஜ்யத்தில் தொடங்கும் எண்கள் அந்தப் பூஜ்யத்தை இழக்காமல் உள்ளே கொண்டுவரத் தெரிய வேண்டும். பவர் குவெரி என்ற பகுதியைக் கற்றுக்கொள்ளுங்கள். டேட்டாவைச் சுத்தம் செய்யும் ஒவ்வொரு படியையும் அது பதிவு செய்து வைத்துக்கொள்ளும், அடுத்த மாதம் புதிய ஃபைல் வந்தால் ரிஃப்ரெஷ் கொடுத்தால் போதும். பவர் பிஐயிலும் அதே பவர் குவெரிதான் இருக்கிறது, அதனால் இங்கே கற்றது அங்கே அப்படியே உதவும். நீங்கள் இப்போது பார்க்கும் வேலையில் நாளைக் காலையிலேயே பயன்படுத்திப் பார்க்கவும் முடியும்.

மற்ற பெயர்களைப் பற்றிச் சுருக்கமாக.

டேட்டா சயின்ஸ்: புள்ளியியலும் கணிதமும் கேட்கும் துறை. மூன்று மாதக் கோர்ஸில் மாடல் ஓட்டக் கற்றுக்கொள்ளலாம், அது ஏன் தவறாகக் கணிக்கிறது என்று சொல்லக் கற்றுக்கொள்ள முடியாது. அனலிஸ்டாக நுழைந்து உள்ளிருந்து நகர்வதுதான் உங்களுக்கு நடைமுறைக்கு ஒத்த வழி.

ஃபுல் ஸ்டாக்: வெப்சைட்டின் கண்ணுக்குத் தெரியும் பக்கத்தையும் பின்னால் இயங்கும் பகுதியையும் சேர்த்து எழுதுவது. ஒன்றை உருவாக்கிக் கண்ணால் பார்ப்பதில் உங்களுக்கு ஆர்வம் என்றால் நல்ல துறை. ஆனால் நுழைவு நிலையில் கூட்டம் அதிகம். போவதானால் ரியாக்ட் போன்ற ஃப்ரேம்வொர்க்கில், அதாவது ஆயத்தக் கட்டமைப்பில், ஆரம்பிக்காதீர்கள். எச்.டி.எம்.எல்., சி.எஸ்.எஸ்., ஜாவாஸ்கிரிப்ட் மூன்றையும் எந்த ஃப்ரேம்வொர்க்கும் இல்லாமல் ஒரு சிறு தளம் கட்டுமளவுக்குப் படித்துவிட்டுப் போங்கள்.

சைபர் செக்யூரிட்டி: வாசல் வேலை பெரும்பாலும் கண்காணிப்பு மையத்தில் எச்சரிக்கைகளையும் லாக்குகளையும் பார்ப்பது, பல இடங்களில் ஷிஃப்ட் வேலை. நெட்வொர்க்கும், சர்வர்களில் ஓடும் லினக்ஸ் இயங்குதளமும் தெரியாமல் இதில் இறங்குவது வீண். புதியவர்களிடம் சி.ஐ.எஸ்.எஸ்.பி. என்ற, அனுபவசாலிகளுக்கான பாதுகாப்புச் சான்றிதழுக்குக் கோர்ஸ் விற்பவர்களைக் கண்டால் விலகிப் போங்கள். தேர்வில் தேறினாலும் அந்தச் சான்றிதழை முழுமையாகப் பெற ஐந்து ஆண்டு பணி அனுபவம் காட்ட வேண்டும், உரிய பட்டப்படிப்பு இருந்தால் அதில் ஓர் ஆண்டு குறையும். இந்த விவரத்தைச் சொல்லாமல் சேர்ப்பவர்கள் வேறு எதையும் நேர்மையாகச் சொல்லப் போவதில்லை.

கிளவுட்: சொந்த சர்வர் வாங்காமல் இணையம் வழியே வாடகைக்கு எடுத்துப் பயன்படுத்துவது. அமேசான் 2006இல் எஸ்3 என்ற சேமிப்புச் சேவையைத் தொடங்கியதிலிருந்து வளர்ந்துகொண்டே இருக்கும் துறை. அடியில் இருப்பது பழைய விஷயங்கள்தான்: லினக்ஸ், நெட்வொர்க், யாருக்கு எதில் அனுமதி என்ற கணக்கு. அவை இல்லாமல் கிளவுட் படித்தால் எந்த பட்டன் எங்கே இருக்கிறது என்று மட்டும் தெரியும், அந்த பட்டனும் ஆறு மாதத்தில் இடம் மாறிவிடும்.

அடிப்படை என்று எதைச் சொல்கிறேன் என்பதற்குக் கொஞ்சம் வரலாறு. இணையத்தில் ஒரு காலத்தில் எங்கே பார்த்தாலும், அசையும் படங்களும் வீடியோவும் காட்டும் ஃபிளாஷ். அதற்கென்றே கோர்ஸ்கள், அதற்கென்றே வேலைகள். 2020 டிசம்பர் 31ஆம் தேதியோடு அடோபி அதற்கு ஆதரவை நிறுத்தியது. அதே மாதிரியான மைக்ரோசாஃப்டின் சில்வர்லைட் 2021இல் முடிந்தது. இன்னொரு பக்கம், 1983 ஜனவரி 1 அன்று இணையத்தின் முன்னோடியான அர்பாநெட் முழுமையாக மாறிக்கொண்ட டி.சி.பி./ஐ.பி. என்ற தகவல் பரிமாற்ற விதிமுறைதான் இன்றும் உங்கள் ஃபோனில் ஓடுகிறது. 1970களில் யூனிக்ஸில் வந்த கட்டளைகள் இன்றைய லினக்ஸ் சர்வரில் அதே பெயரில் இருக்கின்றன. லினக்ஸை உருவாக்கிய லைனஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் எழுதிய, கோடில் செய்யும் மாற்றங்களைப் பதிவு செய்து வைக்கும் கிட் இல்லாமல் எந்த மென்பொருள் குழுவும் இயங்குவதில்லை என்றே சொல்லிவிடலாம். நீங்கள் எந்தப் பிரிவுக்குப் போனாலும் கிட், கட்டளைகளை டைப் செய்து கம்ப்யூட்டரை இயக்கும் கமாண்ட் லைன், ஒரு வெப்சைட்டின் முகவரியை அடித்தால் உள்ளே என்னென்ன நடக்கிறது என்ற அறிவு, இந்த மூன்றும் வேண்டும். அதற்காகப் பணம் கொடுத்துப் படிக்க வேண்டியதில்லை. எம்.ஐ.டி.யில் 'விடுபட்ட செமஸ்டர்' என்ற அர்த்தம் வரும் பெயரில் ஒரு குறும்பாடத்தை நடத்தி இலவசமாக இணையத்தில் வைத்திருக்கிறார்கள். கல்லூரிகளில் சொல்லித்தராத கமாண்ட் லைன், கிட், டிபக்கிங் போன்றவற்றுக்காகவே அமைத்த பாடம் அது. ஹார்வர்டின் சி.எஸ்.50ம் இலவசம். ஸ்க்ராட்ச்சில் தொடங்கி சி, பைத்தான், எஸ்.க்யூ.எல். வரை போகும். அதன் வீட்டுப்பாடங்கள் நன்றாகவே திணற வைக்கும். நான் மேலே கேட்ட கேள்விக்கு ஆம் என்று பதில் சொல்லும் பாடங்களில் இது ஒன்று.

ஏஐ விஷயத்துக்கு வருகிறேன். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு இந்தக் கேள்வி இல்லாத உரையாடலே இல்லை. மாற்றம் இல்லை என்று சொல்ல மாட்டேன். சின்னச் சின்ன கோட் எழுதிக் கொடுப்பதற்கு மட்டும் ஆள் எடுத்த வேலைகள் சுருங்குகின்றன. ஆனால் மேலே சொன்ன ஆர்டர் டேபிள் கணக்கை ஏஐயிடம் கொடுத்துப் பாருங்கள். ஓர் ஆர்டருக்குப் பல வரிகள் உண்டு என்று நீங்கள் சொல்லவில்லை என்றால், 3,000 வரும் குவெரியை அதுவும் எழுதித் தரலாம், தன்னம்பிக்கையான விளக்கத்தோடு. 3,000 எப்படி வரும், விற்றது 1,000தானே என்று கேட்பதற்கு ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளாக இருப்பதற்கு எஸ்.க்யூ.எல். தெரிய வேண்டும், வியாபாரமும் தெரிய வேண்டும்.

கற்றுக்கொள்ளும்போது ஏஐயை எப்படிப் பயன்படுத்துவது என்பதில் எனக்குக் கறாரான கருத்து உண்டு. பயிற்சிக் கணக்குக்கு விடை கேட்காதீர்கள். நீங்கள் அரைமணி நேரம் முட்டி மோதிய பிறகு, 'எங்கே தவறு என்று நேரடியாகச் சொல்லாதே, எதைச் சோதித்துப் பார்க்கலாம் என்று மட்டும் சொல்' என்று கேளுங்கள். எர்ரர் செய்தியின் பொருளைக் கேளுங்கள். நீங்கள் எழுதியதில் எந்தச் சூழ்நிலையில் தவறான விடை வரும் என்று கேளுங்கள். வேலையில் சேர்ந்த பிறகு தாராளமாக எழுத வைத்துக்கொள்ளுங்கள், அப்போது சரிபார்க்க உங்களுக்குத் தெரியும்.

சான்றிதழ்கள்: உங்கள் முப்பது விளம்பரங்களில் கேட்டிருந்தால் எடுங்கள், இல்லையென்றால் அவசரமில்லை. நெட்வொர்க், கிளவுட் துறைகளில் அவற்றுக்கு மதிப்பு கூடுதல், மென்பொருள் எழுதும் வேலைகளில் குறைவு. சிஸ்கோவின் நெட்வொர்க் சான்றிதழான சி.சி.என்.ஏ.வும் அமேசான் கிளவுடான ஏ.டபிள்யூ.எஸ்.ஸின் அசோசியேட் நிலைச் சான்றிதழ்களும் மூன்று ஆண்டுதான் செல்லும். மைக்ரோசாஃப்டின் பவர் பிஐ சான்றிதழ் ஓராண்டு, இணையத்திலேயே இலவசமாகப் புதுப்பிக்கலாம். வேலை தேடத் தயாராவதற்குச் சற்று முன்பு எடுப்பது புத்திசாலித்தனம். ஒன்றை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். லினக்ஸ் நிறுவனமான ரெட் ஹேட்டின் ஆர்.எச்.சி.எஸ்.ஏ. தேர்வில் நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகளே கிடையாது. ஓடும் சர்வரைக் கொடுத்துச் சொன்ன வேலைகளைச் செய்யச் சொல்வார்கள். மனப்பாடம் செய்து தேற முடியாது என்பது ஆள் எடுப்பவர்களுக்கும் தெரியும்.

ஒரு பயிற்சி நிலையத்தில்தான் சேர வேண்டும் என்றால், தனியாக உட்கார்ந்து படிக்க வராதவர்களுக்கு அதுவே நல்லது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன், பணம் கட்டுவதற்கு முன் சில காரியங்கள் செய்யுங்கள். டெமோ வகுப்பு வேண்டாம், நடுவில் ஓடிக்கொண்டிருக்கும் வகுப்பில் ஒரு நாள் உட்கார அனுமதி கேளுங்கள். டெமோ எடுப்பவரும் பாடம் எடுப்பவரும் வேறு வேறு ஆளாக இருப்பது சகஜம். முன்பு படித்தவர்கள் தாங்கள் எழுதிய கோடைப் பொதுவில் வைத்திருக்கும் கிட்ஹப் பக்கங்களைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். எல்லோருடைய புராஜெக்டும் பெயர் மட்டும் மாறி ஒரே மாதிரி இருந்தால், அங்கே நகல் எடுக்கக் கற்றுக்கொடுக்கிறார்கள். 'நூறு சதவீதம் வேலைவாய்ப்பு உதவி' என்ற வாசகத்தில் கடைசிச் சொல்லைக் கவனியுங்கள். உங்கள் ரெஸ்யூமேயை நான்கு பேருக்கு ஃபார்வர்ட் செய்தாலே உதவி செய்தாகிவிட்டது. சென்ற பேட்சில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் முடித்தார்கள், எத்தனை பேர் எந்த வேலையில் இருக்கிறார்கள் என்று மூன்று எண்களையும் கேளுங்கள். மூன்றாவது எண்ணை மட்டும் சொன்னால் அதற்கு அர்த்தமில்லை. மூன்று மாதத்தில் பன்னிரண்டு டூல் சொல்லித்தருவதாகப் பாடத்திட்டம் சொன்னால் எதையுமே தொட்டுக் காட்டத்தான் நேரம் இருக்கும். மொத்தக் கட்டணத்தையும் முதல் நாளே கட்டாதீர்கள், கடன் வாங்கியும் கட்டாதீர்கள்.

படித்ததைக் காட்டுவதற்குப் புராஜெக்ட் வேண்டும். இங்கேதான் பெரும்பாலான ரெஸ்யூமேக்கள் ஒன்றுபோல இருக்கின்றன. டைட்டானிக் பயணிகள் டேட்டாவை வைத்து யார் பிழைத்திருப்பார் என்று கணிக்கும் புராஜெக்ட் இருக்கிறதே, காகிள் தளத்தில் பழகுவதற்காக வைத்த 891 வரி ஃபைல், அதை ரெஸ்யூமேயில் போடாதீர்கள். கற்றுக்கொள்ள நல்லது, ஆனால் அதைப் பார்த்துப் பார்த்து ஆள் எடுப்பவர்களுக்கு அலுத்துவிட்டது. உங்கள் துறையிலிருந்தே ஒன்று செய்யுங்கள். வங்கி ஸ்டேட்மெண்ட்டையும் நிறுவனப் பதிவேட்டையும் ஒப்பிட்டு, ஒத்துப்போகாத வரிகளை மட்டும் எடுத்துக் காட்டும் ஒரு சிறு கருவி போதும். அலுவலக டேட்டாவைத் தொடக்கூடாது, அது நம்பிக்கைத் துரோகம், சட்டச் சிக்கலும்கூட. கற்பனைப் பதிவுகளை நீங்களே உருவாக்குங்கள். வேண்டுமென்றே அதில் குப்பை சேருங்கள்: இரண்டு முறை பதிவான ரசீது, இலக்கம் இடம் மாறிய தொகை, ஒரு நாள் தள்ளி வரவான காசோலை, இரண்டு விதமாக எழுதிய ஒரே பெயர். முதலில் எஸ்.க்யூ.எல்.லில் செய்யுங்கள், பைத்தான் வந்ததும் அதில் மறுபடி செய்யுங்கள். கிட்டில் ஒவ்வொரு படியாகப் பதிவு செய்துகொண்டே போங்கள்.

அதோடு ஒரு பக்கத்துக்கு விளக்கம் எழுதி வையுங்கள். என்ன பிரச்சினை, எப்படித் தீர்த்தீர்கள், எந்த இடத்தில் இன்னும் சரியாக வேலை செய்யாது. கடைசிப் பகுதியை யாரும் எழுதுவதில்லை, நான் முதலில் படிப்பது அதைத்தான். 'ஒரே நாளில் ஒரே தொகைக்கு இரண்டு காசோலை வந்தால் எதை எதோடு இணைப்பது என்று இது தீர்மானிக்காது, இரண்டையும் காட்டிவிட்டு விட்டுவிடும்' என்று எழுதியிருந்தால், நேர்முகத் தேர்வின் முதல் பதினைந்து நிமிடம் அதைப் பற்றியே போய்விடும். உங்களுக்கு நன்றாகத் தெரிந்த இடத்தில் பேச்சு நடப்பது உங்களுக்கு எவ்வளவு சௌகரியம் என்று யோசித்துப் பாருங்கள்.

எழுதுவது என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. 'ரிப்போர்ட் வேலை செய்யவில்லை' என்று மெயில் அனுப்புபவரும், 'முடிவுத் தேதியாக மார்ச் 31 கொடுத்தால் அன்றைய பில்கள் வருவதில்லை, ஏப்ரல் 1 கொடுத்தால் வருகின்றன, பிப்ரவரிக்கும் இதே நிலை' என்று அனுப்புபவரும் ஒரே சம்பளத்தில் சேரலாம். இரண்டு ஆண்டு கழித்து ஒரே இடத்தில் இருக்க மாட்டார்கள். இதற்குக் கோர்ஸ் கிடையாது. இப்போது இருக்கும் வேலையிலேயே, கம்ப்யூட்டர் பிரிவுக்கு நீங்கள் அனுப்பும் அடுத்த புகாரை இப்படி எழுதிப் பழகலாம். எதைச் செய்தீர்கள், எது வர வேண்டும், எது வந்தது என்ற மூன்றும் இருந்தால் போதும்.

வேலையை விடலாமா என்ற கேள்வி மீதி. வேண்டாம் என்று சொன்னதற்குப் பணம் ஒரு காரணம். சேமிப்பு கரையத் தொடங்கினால் ஐந்தாவது மாதத்தில் கிடைத்த எதையாவது ஏற்றுக்கொள்ளும் நிலை வந்துவிடும். ஆனால் பெரிய காரணம் வேறு. உங்கள் அலுவலகத்தில் ஒவ்வொரு மாதமும் யாரோ ஒருவர் இரண்டு நாள் உட்கார்ந்து கையால் செய்யும் ரிப்போர்ட் ஒன்று நிச்சயம் இருக்கும். அதை அனுமதி கேட்டு, அலுவலகக் கம்ப்யூட்டரிலேயே, பவர் குவெரியில் அமைத்துக் கொடுங்கள். இரண்டு நாள் வேலை அரைமணி நேரமானால் ரெஸ்யூமேயில் அந்த ஒரு வரி எந்தச் சான்றிதழையும்விட மேலே நிற்கும். வேலையை விட்டுவிட்டால் அந்த வரியை எழுத இடமே இல்லை. தினம் ஒரு மணி நேரமும் வார இறுதியில் கொஞ்சம் கூடுதலும் என்று வைத்துக்கொண்டால் எஸ்.க்யூ.எல்., எக்செல், பவர் பிஐ மூன்றுக்கும் ஆறேழு மாதம் பிடிக்கும் என்று என் கணக்கு. நான்காவது மாதத்திலிருந்தே விண்ணப்பிக்கத் தொடங்குங்கள். நிராகரிக்கப்பட்ட நேர்முகத் தேர்வுகளில் கேட்ட கேள்விகளை வீட்டுக்கு வந்ததும் எழுதி வைத்துக்கொண்டு, அடுத்து எதைப் படிப்பது என்பதை அந்தப் பட்டியலைப் பார்த்து முடிவு செய்யுங்கள். பைத்தானை எப்போது ஆரம்பிப்பது என்பதற்கும் விடை அதிலேயே வந்துவிடும்.